கவாத்து

எங்கள் பக்கம் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை.
தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டிவிடுவது.
நூறு சப்பாத்துகள் ஒரே சத்தமாய் விழுவது.
தியத்தலாவை முகாமின் களஞ்சியத்தில்
பதினோரு வருஷம் பேரேடு எழுதினேன்.
என் ஜன்னலில் இரண்டும் தெரியும்,
கீழே மைதானம், எதிரே மலை.

புதன்கிழமை தோறும்
கப்டன் விதானாரச்சி கயிறு கேட்பார்.
அறுநூறு அடி. ஒரே கயிறு. முடிச்சிருக்கக் கூடாது.
பையன்களின் கண்ணைக் கட்டிச் சரிவில் இறக்குவார்.
ஊசிப்பாறைத் தோட்டத்து லயங்களில்
மழைமானிக்குத் தானே ஆணியடித்தவர்.
அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்றே சொல்:
எழும்பு. ஓடு. சாமானை விடு.
அதையும் என்னிடம்தான் கற்றார்,
"சாமானை விடு" என்பதற்கு
ஒரு வாரம் பிடித்தது.

வைகாசியில் புதிய கேணல் வந்தார்.
அவரை இங்கே அனுப்பியது
ஒரு கலியாண வீட்டுப் பேச்சு என்று
சமையல்கட்டில் சொன்னார்கள்.
சமையல்கட்டில் பொய்யும் சொல்வார்கள்.
ஆனால் அந்த மாதத்திலிருந்து
நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவனுக்கு முன்வரிசை,
இறங்கத் தெரிந்தவனுக்குப் பின்வரிசை.
கைதட்டுவதற்கும் ஒத்திகை நடந்தது.

ஐப்பசியில் மந்திரி திறந்துவைக்க வருகிறார் என்றார்கள்.
எதை என்பது பிறகுதான் முடிவானது.
பள்ளிக்கூட மைதானத்தில் ஹெலி இறங்க வேண்டும்,
கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு,
பாதை நெடுகக் கொடி.
கட்டளைத் தாளில் ஒரு வரி:
கயிறு, பன்னிரண்டடித் துண்டுகள், ஐம்பது.

கப்டனும் ஒரு வரிதான் எழுதினார்:
இது கொடி கட்டுகிற கயிறு அல்ல.
மூன்றாம் நாள் மன்னாருக்கு மாற்றம்.
அங்கே உயரமென்றால் உப்புக் குவியல்தான்.

வெட்டியது நான்.
சார்ஜன்ட் துவான் ஜுனைத் பிடித்துக்கொண்டார்,
என் முகத்தைப் பார்க்கவில்லை.
கத்தி நல்ல கூர்.
கையெழுத்தும் என்னுடையது.

மழை என்று மந்திரி வரவில்லை.
கொடிகள் நனைந்து, சாயம் இறங்கி,
எந்தக் கட்சியுமில்லாத ஒரு நிறத்தில் தொங்கின.
ஊசிப்பாறை மழைமானியில் நூற்றுத் தொண்ணூறு.
அதைப் பார்க்க வேண்டிய பையன்
வெள்ளைக் கற்களுக்குக் காவல் நின்றான்.

இரவு இரண்டே காலுக்கு மலை வந்தது.
மூன்று லயத்தை எடுத்துக்கொண்டு
நடுவே ஓர் ஓடையை வைத்தது.
இக்கரையில் படை நின்றது, டோர்ச் வெளிச்சத்தோடு.
சிங்களத்தில் கத்தினார்கள், பாவம், தொண்டை கிழிய.
அந்த மூன்று சொல்லும் யாருக்கும் தெரியவில்லை.

கொடிக்கம்பங்களிலிருந்து அவிழ்த்து வந்த
ஐம்பது துண்டையும் முடிந்தார்கள்.
நாற்பத்தொன்பது முடிச்சு.
ஈரக் கயிற்றில் முடிச்சொன்றுக்கு ஒன்றரை அடி போகும்.
எழுபத்துமூன்றரை அடி.
பேச்சியம்மாள், அவள் மகன் தினுஷன்,
கொழுந்து நிறுக்கும் செபமாலை,
பேர் வைக்காத பிள்ளையோடு சுலோச்சனா,
அவள் புருஷன்:
ஆறு பேரும்
அந்த எழுபத்துமூன்றரை அடிக்கு அப்பால் நின்றார்கள்.
விடியும் வரைக்கும் நின்றார்கள் என்கிறார்கள்.
விடிந்தபோது இல்லை.

விசாரணைக் குழு மேசையில் தேத்தண்ணீர் இருந்தது.
சம்பவ தினத்தன்று கயிறு இருப்பில் இருந்ததா?
இருந்தது ஐயா.
எவ்வளவு?
அறுநூறு அடி.
பேரேட்டைத் திருப்பிப் பார்த்தார்கள்,
ஐம்பதைப் பன்னிரண்டால் பெருக்கினார்கள்,
சரியாக வந்தது.
முடிச்சுக்கென்று அதில் பத்தி கிடையாது.
நானும் சொல்லவில்லை.
எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள்,
வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

கேணலுக்கு மீட்புப் பணிக்கான பாராட்டுப் பத்திரம்.
சுவரில் மாட்ட ஆணி கேட்டு
எனக்குத்தான் சீட்டு வந்தது.
கொடுத்தேன். பதிந்தேன்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை
மன்னாரிலிருந்து தொலைபேசி.
காற்றிரைச்சல். கப்டன்.
சுகம் கேட்கவில்லை.
எத்தனை முடிச்சு என்று மட்டும் கேட்டார்.

எதிரே கவாத்து நடந்துகொண்டிருந்தது.
கீழேயும்.